பெரியாயியின் தண்டட்டி

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் லயத்து வீடுகளுக்குக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் கந்தப்பன் கங்காணிக்குப் பெரியாயியின் மேல் அக்கறை பொங்கும்.

"காதுல தொங்குற தங்கம் குட்டியா போடப் போகுது? வித்துக் காசாக் குடு. லுணுகலைப் பக்கம் ரப்பர் தோட்டம் வாங்குறேன். ரெண்டே வருசத்துல ரெட்டிப்பு!"

பெரியாயி புருஷனை இழந்தவள்; பிள்ளையும் இல்லை. கொழுந்து கிள்ளும் விரல் தளர்ந்தால் கஞ்சிக்கு வழி அந்தத் தண்டட்டிதான். ஆனாலும் திருச்சிப் பக்கமிருந்து கப்பலேற்றிக் கூட்டிவந்த மனிதர் கெடுதல் சொல்வாரா? காய்ச்சலுக்குக் கஷாயம் முதல் கல்யாணத்துக்கு நாள் வரை கங்காணியைக் கேட்டே பழகிய சனம். அவளும் தலையாட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதுளைக் கடைவீதியில் புஹாரி முதலாளியின் நகைக்கடைக்குப் போனாள். அவர் தண்டட்டியை உரசிப் பார்த்தார்.

"சுத்தத் தங்கம். இத நான் வாங்கினா நல்ல லாபம் எனக்கு, அத மொதல்ல செல்லிடுறன்," என்றார். "அதால நான் செல்ற வெலய மட்டும் நம்பாதீங்க, இன்னும் ரெண்டு கடையில கேளுங்க. என்னக் கேட்டா, அவசரமில்லாட்டி விக்காதீங்க."

பெரியாயி திகைத்துப்போனாள். வாங்குகிறவரே வேண்டாம் என்கிறார்; தன் லாபத்தையும் ஒளிக்கவில்லை. கங்காணி தன் லாபத்தைப் பற்றி மூச்சுகூட விடவில்லையே! தண்டட்டியைத் திரும்ப மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று மலையேறினாள்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடி நின்றபோது, கேட்டேவிட்டாள்.

"கங்காணியய்யா, அந்த ரப்பர் தோட்டத்துல ஒங்களுக்கு என்ன கெடைக்கும்?"

"எனக்கென்ன கெடைக்கும்? ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தோட்டம் யாரு பேருலங்க?"

"என் பேருலதான்! வேற யாரு பேருல?" கங்காணிக்கு முகம் சிவந்தது. "கப்பலேத்திக் கூட்டியாந்தவனையே கேள்வி கேக்குறியா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அங்கம்மா, கங்காணியிடம் கொடுப்பதற்காக முந்தானையில் முடிந்து வந்த மூக்குத்தியை எடுத்து அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

கொழுந்துக் கூடையோடு மலையேறும்போது அங்கம்மா கேட்டாள்: "இவரயே நம்பக் கூடாதுன்னா யாரத்தாங்க்கா நம்புறது?"

தண்டட்டி ஆட ஆட முன்னால் நடந்த பெரியாயி திரும்பிப் பார்த்தாள்.

"காசுக்கு யோசனை சொல்றவங்க யாரா இருந்தாலும், இதுல ஒங்களுக்கு என்ன லாபம்னு கேளு. நேராச் சொல்றவரோட மேல பேசு. கேட்டதுக்கே கோவப்படுறவரு எவ்வளவு பெரிய மனுசரா இருந்தாலும், ஒரு கும்பிடு போட்டுட்டு ஒன் பொருளோட வீட்டுக்கு வந்துரு."