மூன்று தடவை விரித்து மூடினால்

முதல் சிரிப்பு, படம் தொடங்கிய இருபதாவது நிமிடத்தில் வந்தது. ஏரி மிருகம் கரையேறி, பார்ப்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புதருக்குள் நுழையும்போது, முன் வரிசையிலிருந்து ஒருவன், "டேய், பின்னாடி ஷூ லேஸ் கட்டியிருக்காங்கடா!" என்று கத்தினான். அரங்கம் கொல்லென்று சிரித்தது. கடைசிக்கு முந்தைய வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த தையல்காரி, மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது ஷூ லேஸ் இல்லை. முதுகின் இரண்டு பக்கமும் எட்டெட்டுத் துளை போட்டு, துளைக்குத் துளை பித்தளை வளையம் அடித்து, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கோத்து அவள் தன் கையால் இழுத்துக் கட்டிய கட்டு. அதன் மேல் ரப்பர் செதில் ஒட்டி மறைத்திருக்க வேண்டும். ஒட்ட நேரமில்லை. சிரிக்கிறவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்கள் இடத்தில் இருந்தால் அவளும் சிரித்துத்தான் இருப்பாள்.

படம் பார்க்க அவளுக்கு ஆசையே இல்லை. தம்பிதான் அனுப்பினான். இரண்டாம் நாள் மதியக் காட்சிக்குப் போ என்று அவனே குறித்துக் கொடுத்தான். முதல் நாள் வருகிறவர்கள் எதற்கெடுத்தாலும் கைதட்டுவார்களாம், அவர்களை நம்பக் கூடாதாம். "நேரா கேட்டா யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டாங்கக்கா. வெளியே வரும்போது தங்களுக்குள்ள பேசிக்குவாங்க பாரு, அதைக் கேட்டுட்டு வா. நல்லதோ கெட்டதோ, ஒன்னு விடாம வந்து சொல்லணும்" என்றான். கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. அந்த மிருகத்துக்குள் இருந்தவன் அவன். முதல் படத்திலும் அவன்தான், இதிலும் அவன்தான்.

முதல் படம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. எடுத்து முடிக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. உடுப்பை மட்டும் அவள் ஏழு மாதம் தைத்தாள். தம்பி அப்போது நீச்சல் குளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீருக்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் மூச்சடக்குவான் என்பதால் படப்பிடிப்பில் எல்லோரும் அவனை மீன் என்றே கூப்பிட்டார்கள். மூச்சடக்கத் தெரிந்தவனுக்கும் மூச்சு வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் வலது அக்குளிலிருந்து இடுப்புவரை, உள்பக்கமாக இருபத்திரண்டு கொக்கி வைத்தாள். ஒரு நாடாவைப் பிடித்து இழுத்தால் அத்தனையும் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். உள்ளே இருக்கிறவன் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, தன் வீட்டுக் கதவைத் திறப்பது மாதிரி திறந்துகொண்டு வந்துவிடலாம். அந்தக் கொக்கிகளைத் திரையில் ஒருவரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் போகவே பயந்தார்கள், பெரியவர்கள் கடைசிக் காட்சியில் மிருகத்துக்காக மூக்கை உறிஞ்சினார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக்கூட அந்த மிருகத்தைத் தெரியும்.

இரண்டாவது படத்தை நாற்பது நாளில் எடுத்தார்கள். வேறொரு கம்பெனி இதே மாதிரி ஒரு மிருகத்தை விடுமுறைக்குக் கொண்டுவருகிறது என்று காற்றுவாக்கில் சேதி வந்ததிலிருந்து இவர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கதையை எழுதி முடிக்கும் முன்பே வெளியிடும் தேதியை அறிவித்துவிட்டார்கள். பழைய உடுப்பு கிடங்கில் கிடந்து மக்கிப்போய், தொட்டால் பொடியாக உதிர்ந்தது. புதியதைத் தைக்க அவளுக்கு ஒன்பது நாள் கொடுத்தார்கள். உள்கொக்கி வைக்க இன்னும் நாலு நாள் வேண்டும் என்று கேட்டாள். "அதெல்லாம் எதுக்கு இப்போ? பின்னாடி கயித்தைக் கட்டி விடுங்க. பக்கத்துலயே ரெண்டு ஆளை நிறுத்தறேன். கையைக் காட்டினா அவுத்து விட்டுடுவாங்க" என்றார் மேனேஜர். அவள் தம்பியைப் பார்த்தாள். "விடுக்கா, பாத்துக்கலாம்" என்றான் அவன். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை ஏன் வாயில் வரவில்லை என்று இத்தனை நாளாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

எப்படிக் கையைக் காட்டுவது என்பதை, உடுப்பை அவனுக்குப் போட்டுப் பார்த்த அன்று அக்காவும் தம்பியும் பேசி முடிவு செய்தார்கள். இடது கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, மூன்று தடவை விரித்து மூடினால், என்னை வெளியே எடு என்று அர்த்தம். அந்த இரண்டு ஆட்களையும் கூப்பிட்டுச் செய்துகாட்டினாள், அவர்களையும் செய்ய வைத்துப் பார்த்தாள். டைரக்டரிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த நாற்பது நாளில் அந்த மனிதரைப் பிடித்து நிறுத்தி ஒரு விஷயம் சொல்ல யாராலும் முடிந்ததில்லை.

இடைவேளையில் பெண்கள் கழிப்பறை வரிசையில் போய் நின்றாள். உள்ளதைக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. முதல் படத்தின் பேரைக் கெடுக்கவே இதை எடுத்திருக்கிறார்கள் என்றாள் ஒருத்தி. மிருகத்துக்குத் தொப்பை வைத்துவிட்டதே என்று இன்னொருத்தி சிரித்தாள். எதுவும் தப்பில்லை, எல்லாம் நியாயமான பேச்சுதான் என்று தையல்காரி ஒவ்வொன்றாக மனதில் போட்டுக்கொண்டாள். அப்போது கை கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் தன் தோழியிடம், "இருடி, அந்தக் கை சீன் இனிமேதான் வருது. அதுக்காகவே என் தங்கச்சி நேத்து பாத்துட்டு இன்னிக்கும் வரேங்குறா" என்றாள்.

தையல்காரி தன் முறை வருவதற்கு முன்பே வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டாள். எந்தக் கை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அதைப் படத்தில் வைத்திருப்பார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை. எவ்வளவு அவசரக்காரர்களாக இருந்தாலும் அந்தத் துண்டை வெட்டித் தூரப் போட்டிருப்பார்கள் என்று நம்பியிருந்தாள். வீட்டுக்குப் போய்விடலாமா என்று வாசல்வரை போய், தம்பியின் முகம் நினைவுக்கு வந்து, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

அந்த இடம் வந்தது. ஊர்க்காரர்கள் சுட்டதில் காயம்பட்ட மிருகம் ஏரிக்குள் பின்வாங்குகிறது. இடுப்பளவு, மார்பளவு, கழுத்தளவு. தலை மூழ்குகிறது. ஒரு கணம் வெறும் தண்ணீர். பிறகு இடது கை மேலே வருகிறது. விரிந்து மூடுகிறது. விரிந்து மூடுகிறது. விரிந்து மூடுகிறது. அடியில் எங்கோ ஒற்றை வயலின். ஒன்றரை மணி நேரமாகச் சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் வாயில் போட்டதை மெல்லாமல் உட்கார்ந்திருந்தது. கை மறுபடியும் விரிந்து மூடியது. பக்கத்து இருக்கைக்காரி, "ஐயோ பாவம்" என்று தன்னை மறந்து சொன்னாள்.

அந்தக் காட்சியை எடுத்த அன்றைக்கு ஆள் போதவில்லை என்று அந்த இருவரையும் படப்பிடிப்பு விளக்கு வைத்த தெப்பத்தைப் பிடிக்க அனுப்பிவிட்டார்கள். கரையில் சைகை தெரிந்தவள் அவள் ஒருத்திதான், இடுப்பில் கத்தரிக்கோலோடு. கை மேலே வந்ததை அவள் பார்த்தாள். மூன்று தடவை விரிந்து மூடியதையும் பார்த்தாள். பார்த்து, என்ன அழகாகச் செய்கிறான் என் தம்பி என்று நினைத்தாள். சைகையைச் சொல்லிக்கொடுத்தவளே அதை மறந்து மெய்மறந்து நின்றாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து டைரக்டர், "ஓடட்டும், ஓடட்டும், நிறுத்தாதே" என்று கிசுகிசுத்தார். கை நாலாவது தடவை விரிந்தபோதும் நின்றுகொண்டிருந்தாள். ஆறோ ஏழோ ஆனபோதுதான் உறைத்தது. கத்தினாள். யாரோ தோளைப் பிடித்து, "ஷாட் போயிட்டிருக்கு" என்று அழுத்தினார்கள். உதறிவிட்டு இறங்கினாள். நனைந்த கயிறு உப்பி, முடிச்சு கல்லாக இறுகிக் கிடந்தது. அவள் கட்டிய முடிச்சு அவ்வளவு நன்றாக இருந்தது. கத்தரிக்கோல் மூன்று தடவை வழுக்கியது.

படம் அந்தக் கையோடுதான் முடிந்தது. கடைசியில் மறுபடி ஒருமுறை காட்டி, விரிந்த நிலையில் அப்படியே நிறுத்தி, அதன் மேல் பெயர்களை ஓடவிட்டார்கள்.

வாசலில் தூண் ஓரமாக நின்றாள். தம்பி சொன்னபடி எல்லோரும் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் வந்தார்கள். "குப்பைடா." "அவசரக் குடுக்கைங்க." "ஆனா அந்தக் கை சீன்ல அழுதுட்டேன்." தொப்பி போட்ட ஒரு பெரியவர், முதல் படத்தை ஒன்பது தடவை பார்த்தவராம், மனைவியிடம் தீர்ப்பு மாதிரி சொல்லிக்கொண்டு போனார்: "இந்தப் படத்துல நடிப்புன்னு ஒன்னு இருந்தா அது அந்தக் கைதான். உள்ள இருக்கறவன் எவனோ, அவன் பெரிய நடிகன்." அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்த ஒரு குழந்தை வலது கையைத் தூக்கி விரித்து விரித்து மூடியது. "அந்தக் கை இல்ல கண்ணு, இந்தக் கை" என்று அப்பா திருத்தினார். இவ்வளவு பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவருக்கும் அந்தச் சைகையைப் படிக்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு, அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், சொல்லிக்கொடுத்தவளே நின்று ரசித்தாளே என்று அந்த ஆத்திரம் வந்த வழியே திரும்பியது.

வீட்டுக்கு நடந்தே போனாள். எதைச் சொல்வது, எதை விடுவது என்று வழியெல்லாம் பிரித்துக்கொண்டு வந்தாள். தம்பிக்கு அந்தப் படப்பிடிப்பின் கடைசி நாட்கள் ஞாபகத்தில் இல்லை. மூச்சுப் போய் மூளையில் அடிபட்டதில் இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு மெதுவாகிவிட்டது, அந்த நாட்களும் அழிந்துவிட்டன. பழத்தோடு ஒருமுறை பார்க்க வந்த டைரக்டர், "ஷாட் முடிஞ்சப்புறம் மயங்கிட்டீங்க, நல்லவேளை" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற அக்கா வாயைத் திறக்கவில்லை. தன் மூச்சு முன்னே மாதிரி இல்லை, தன்னால்தான் எல்லோருக்கும் சிரமம் என்று தம்பி இன்றுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறான். அந்த வெட்கத்தைத் துடைக்க அவளிடம் ஒரே ஒரு உண்மைதான் இருந்தது. அதைச் சொன்னால் அவள் எங்கே நின்றாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் மாடியில் ஜன்னல் ஓரமாகக் கட்டில். தம்பி தலையணையில் சாய்ந்து, மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்தபடி வலது கையால் இடது கை விரல்களைப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தான். விட்டதும் அவை தானாக மடங்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நூறு தடவை செய்ய வேண்டும்.

"என்ன சொல்றாங்க?"

"கயிறு தெரியுதுன்னு சிரிக்கிறாங்க. தொப்பைன்னு சொல்றாங்க. திட்டெல்லாம் எனக்குத்தான், உனக்கில்ல" என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

அவன் சிரித்தான். பாதி உதடுதான் சிரித்தது. "அவ்வளவுதானா?"

"முதல் படம் மாதிரி இல்லையாம்."

"அது தெரிஞ்சதுதானே." ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினான். "இங்க வாயேன். நேத்து சாயங்காலத்துலேருந்து இந்தப் பிள்ளைங்க ஒன்னு பண்ணுதுங்க."

அவள் ஜன்னலுக்கு வந்தாள். கீழே நடைபாதையில் ஏழெட்டுப் பிள்ளைகள். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி, மல்லாந்து விழுந்து, இடது கையை மட்டும் மேலே தூக்கினாள். விரித்து மூடினாள். சுற்றி நின்றவை ஓவென்று கத்தின. அடுத்து யார் சாவது என்பதில் சண்டை வந்தது.

"நம்ம படமா அது?"

"ம்."

"நான் பண்ணினதா?"

அவள் தலையாட்டினாள்.

"அது நம்ம சைகைக்கா." அவன் மெதுவாகத்தான் பேசினான், எல்லாமே இப்போது மெதுவாகத்தான். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. தைக்கிற ரூம்ல நீ சொல்லிக்குடுத்தே. மூணு தடவை." அவனே ஒரு வழியைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினான். "டைரக்டர் பாத்துட்டு, நல்லா இருக்கே, சீன்லயும் பண்ணுன்னு சொல்லியிருப்பாரு. இல்ல?"

ஆமாம் என்றால் போதும். அவன் பெரிய நடிகன் என்று ஊரே சொல்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். அவன் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவான். ஆமாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"இல்லடா" என்றாள்.

கீழே இன்னொரு பிள்ளை தள்ளாடத் தொடங்கியிருந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். 

"நீ அங்க இருந்தியா?"

"கரையிலதான் இருந்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன்." அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டில் விளிம்பைப் பார்த்துச் சொன்னாள். "நல்லா நடிக்கிறேன்னு நினைச்சேன்டா. அவ்வளவு நல்லா இருந்துது. மூணு தடவைக்கு மேல போச்சு. நான் நின்னு பாத்துட்டே இருந்தேன்."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். அழுவான் என்றும் காத்திருந்தாள். அவன் வலது கையால் இடது கையைத் தூக்கி ஜன்னல் விளிம்பில், வெளிச்சம் படுகிற இடத்தில் வைத்தான். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். விட்டான். ஐந்தும் மெல்ல மடங்கிக்கொண்டன. மறுபடியும் பிரித்தான், விட்டான், மடங்கிக்கொண்டன. கீழே விழுந்து கிடந்த பிள்ளை சரியாகச் செய்தது போலிருக்கிறது, மற்றவை கைதட்டின. அவன் சுண்டுவிரலை மறுபடி பிடித்தான்.