பாதி பீடி

…விட்டுவிடலாம், விடமுடியாதா என்ன, எத்தனையோ விட்டாயிற்றே, குடியை விட்டாயிற்று, கல்யாணப் பேச்சை விட்டாயிற்று, இந்தச் சுண்டுவிரல் நீளப் பீடியையா விடமுடியாது என்று எண்ணிக்கொண்டே அழகுமலை வெங்காய மூட்டையை இறக்கினான், இறக்கியதுமே இருமல், பரவை மார்க்கெட்டின் தூசியெல்லாம் தன் நெஞ்சுக்குள்தான் குடியிருக்கிறதோ… “எச்.ஐ.வி. உங்களக் கொல்லாதுண்ணே, மாத்திரைய ஒழுங்காப் போடுறீங்க. இந்தப் பீடிதான் கொல்லும்.” ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற ரோகிணி மேடம் நேற்று எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னபோது அவள் கண் கலங்கினாற்போல இருந்தது, தனக்காக ஒருத்தி கண் கலங்கி எவ்வளவு காலமாகிறது, அதற்காகவாவது விட்டுவிட வேண்டும்.

எச்சிலில் ஒட்டாது, தொட்டால் ஒட்டாது என்று அதே மேடம் அண்ணனையும் மதினியையும் உட்காரவைத்துச் சொல்லியும் மதினி மலையம்மாள் அவன் டம்ளரை மட்டும் குழாயடியில் தனியாகக் கவிழ்த்துவைக்கிறாள்… குறை சொல்லக்கூடாது, கோழிக் குழம்பு வைத்தால் ஈரலை அவனுக்குத்தான் எடுத்துவைக்கிறாள், ஆனாலும் தண்ணீர் குடிக்க அவன் மட்டும் குழாயடிக்குப் போய்த்தான் டம்ளரை எடுக்கவேண்டியிருக்கிறது. இங்கே அப்படியில்லை. லாரி காலியானதும் கடைசி மூட்டை இறக்கியவன் பற்றவைப்பான், பாதியை ஜோடிக்காரனுக்குக் கொடுப்பான், தனித்தனியாகப் பிடித்தால் ஜோடி பிரிந்துவிடும் என்று சுமைக்காரர்களுக்குள் ஒரு நம்பிக்கை. ஜோடிக்காரன் காசிமாயனுக்கு இவன் நோய் தெரியாது. அவன் வாயிலிருந்து எடுத்துத் தரும் பீடியின் நுனி ஈரமாக இருக்கும்… இத்தனை வருடமாகத் தனக்கு வேண்டியிருந்தது புகையா, அந்த ஈரமா? மேடத்திடம் இதை எப்படிச் சொல்வது, சிரிக்கமாட்டாளா?

இன்றைக்குக் கடைசி மூட்டை காசிமாயனுடையது. பற்றவைத்தான், பாதிவரை இழுத்தான், நீட்டினான். “வேணாம்ண்ணே, விட்டுட்டேன்.” “எப்பருந்துடா?” “இன்னைக்கிருந்து.” “அடப் போடா, எம்புட்டுப் பேரு இப்படிச் சொல்லிப் பாத்திருக்கேன்” என்று சிரித்தவன், இவன் கை நீளாததைக் கண்டு சிரிப்பை நிறுத்தினான். பீடியைத் திருப்பிப் பார்த்தான். பிறகு தோள் துண்டால் அதன் நுனியை மெல்லத் துடைத்துவிட்டு மறுபடியும் நீட்டினான். “எச்சின்னு பாக்குறியாடா?”

ஐயோ, அந்த முகம்… குழாயடியில் நிற்கும்போது தன் முகமும் இப்படித்தான் இருக்குமோ? இல்லை அண்ணே என்று எக்ஸ்ரேயில் தொடங்கி மாத்திரை, நோய்வரை எல்லாம் சொல்லிவிடலாம், சொன்னால் அந்த முகம் தெளிந்துவிடும், ஆனால் தெளிந்த பிறகு இந்தக் கை தன் பக்கம் நீளுமா? காசிமாயன் என்றைக்காவது ஒருநாள் தன்னை ஒதுக்குவான் என்றே இத்தனை வருடம் பயந்துகொண்டிருந்தான், தானே அவனை ஒதுக்க நேரும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பீடி விரல்வரை கனிந்துகொண்டு வந்தது, காசிமாயன் கையை எடுக்கவில்லை. “அண்ணே…” என்றான் அழகுமலை, அதற்குள் இருமல் வந்துவிட்டது.