மாற்றிப் போட்ட தீனி

பத்தொன்பது வருடமாகப் பன்றி ஈரல் அரைக்கிறேன். துண்டை ஐஸில் வைத்து அரைத்து, குழாயில் ஊற்றி, அதிலுள்ள நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று எண் எடுப்பதுதான் என் பிழைப்பு. இந்தத் தடவை வலிப்பு மருந்து. பன்னிரண்டு பன்றிகள், ஆறுக்குத் தீனியில் மருந்து, ஆறுக்கு வெறும் தீனி, நான்கு வாரம். முடிந்ததும் வெட்டி ஈரலை எடுப்பார்கள். மருந்து உள்ளே போகப் போக ஈரல் சுதாரித்துக்கொண்டு, அதை உடைக்கும் நொதியைக் கூட்டிவிடும். எவ்வளவு கூட்டுகிறது என்று தெரிந்தால், வலிப்பு வரும் பிள்ளைகளுக்கு நாளடைவில் மருந்தை எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்ய உதவுமாம்.

வந்த எண்ணைப் பார்த்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மருந்துப் பன்றிகளில் மூன்றுக்கு நொதி சரியாக ஏறவே இல்லை. வெறும் தீனிப் பன்றிகளில் மூன்றுக்கு எகிறிக் கிடந்தது. மறுபடி அரைத்தேன். அதேதான். மூன்றாவது முறை அரைத்ததில் தோள்வலிதான் மிச்சம்.

"குழாய் மாறிப்போச்சும்மா. மூணு லேபிளை மாத்தி ஒட்டிடுங்க. வெள்ளிக்கிழமை அறிக்கை போகணும்" என்றார் எங்கள் டாக்டர்.

"நான் மாத்தலை சார்."

"அசதியில வர்றதுதானே."

அசதி உண்மைதான். நிற்கும்போதே தூங்கிவிடுவேன் போலிருந்தது. ஆனால் எந்த அசதியிலும் என் கை குழாயை மாற்றாது. ஐஸ் டப்பாவை டம்மென்று வைத்துவிட்டுப் பன்றிக் கொட்டகைக்கு நடந்தேன்.

அங்கே என் கொழுந்தன் காலிக் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். எந்த வேலையிலும் மூன்று மாதம் தாண்டாதவன். நான்தான் டாக்டரிடம் கெஞ்சிக் கூத்தாடி இங்கே சேர்த்துவிட்டேன். ஒரு வருடம் நிலைத்துவிட்டான். தம்பி உருப்பட்டுவிட்டான் என்று வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். வெட்டும் நாளில் மட்டும் லீவு போட்டுவிடுவான்.

"மருந்துத் தீனியை எல்லாம் ஒழுங்கா தின்னுச்சா?"

"மூணு மட்டும் மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும் அண்ணி. கசப்பு போல. பக்கத்துக் கூண்டு மூணும் எதைப் போட்டாலும் முழுங்கும். அதான் மாத்திப் போட்டேன்."

"அடப்பாவி! எத்தனை நாள்?"

"கணக்கெல்லாம் இல்ல. பாவமா தெரியுற அன்னிக்கு." குழாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எப்படியும் வெட்டத்தானே போறோம். அதுவரைக்குமாவது பிடிச்சதைத் தின்னட்டுமேன்னு."

அறையலாம் போலவும் வந்தது, அழலாம் போலவும் வந்தது. லேபிளை மாற்றி ஒட்டினால் யாருக்கும் தெரியாது. இவன் வேலையும் தப்பும். ஆனால் எதை எத்தனை நாள் தின்றது என்றே தெரியாத ஈரலை நம்பி எந்தப் பிள்ளைக்கோ அளவு சொல்வார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன்.

டாக்டர் வெகுநேரம் நெற்றியைத் தேய்த்தார். "புதுசா ஒருத்தன் வந்தா வேற ஏதாவது பண்ணி வைப்பான். இவனே இருக்கட்டும். தீனி போடும்போது நீங்க கூட நில்லுங்க. முதல்லேர்ந்து பண்ணுவோம்."

அசதியெல்லாம் மறந்து கொட்டகைக்கு ஓடினேன். "பிழைச்சே போ! வேலைக்கு ஒண்ணும் ஆகலை. திங்கக்கிழமை புதுசு வருது. இனிமே உன் கருணையெல்லாம் வீட்டோட வச்சுக்கோ."

அவன் சிரிக்கவில்லை. "எத்தனை வருது?"

"பன்னண்டு."

"அப்ப, போன பன்னண்டும் சும்மாவா செத்துச்சு அண்ணி?"



தண்ணீரை நிறுத்தினான். ரப்பர் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தான்.

"அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்குத் தைரியம் இல்ல" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு நடந்தான்.