இரண்டாவது சாவி

குடிவைத்து இருபது நாள்கூட ஆகவில்லை, வீட்டுக்காரம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து, ஓய்வுப் பணத்தை மொத்தமாகக் கொட்டி வாங்கிய இரண்டு அறை வீடு. வாடகைக்கு விடுவது இதுதான் முதல் தடவை. வந்தவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற புருஷன் பெண்டாட்டி, அதிர்ந்து பேசாத ஜனங்கள். அப்படியும் மனசு கேட்க வேண்டுமே! சுவரில் ஆணி அடித்திருப்பார்களோ, குழாயைத் திறந்து போட்டிருப்பார்களோ என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, தன்னிடம் இருந்த இரண்டாவது சாவியைப் போட்டுத் திறந்துவிட்டாள். என் வீடுதானே, யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு நினைப்பு. புதுசாக வீடு விடுகிறவர்களுக்கு வருகிற நினைப்புதான்.

பார்த்துவிட்டுச் சும்மா வந்திருந்தால் தொலைந்தது. கை கேட்குமா? குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, இறுக்கி மூடினாள். கட்டிலில் சுருண்டு கிடந்த போர்வையை உதறி, வார்டில் செய்வதுபோல் மடித்துக் கால்மாட்டில் வைத்தாள். நோயாளி விழிக்காமல் அறைக்குள் போய்வருவது அவளுக்குக் கைவந்த வித்தை. அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமை தவறாமல் போனாள்.

ஒரு மாதம் கழித்து, குடியிருந்த அந்தப் பெண்ணே தேடி வந்தாள். வாசலில் நின்றபடியே, "அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? அந்த வீட்ல யாராவது செத்துப்போயிருக்காங்களா?" என்றாள்.

வீட்டுக்காரம்மா அவசரமாக எழுந்து வாசலுக்கு வந்தாள். போச்சு, நாளைக்கே பெட்டியைக் கட்டப்போகிறார்கள். "ஐயையோ, அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஏன், என்ன ஆச்சு?"

"போட்டது போட்டபடி இருக்க மாட்டேங்குது. குழாயை யாரோ மூடுறாங்க. போர்வையை மடிச்சு வைக்கிறாங்க. சொன்னா அவர் என்னைப் பைத்தியம்ங்கிறார். எங்கம்மா போய் எட்டு மாசம் ஆகுதுக்கா. கடைசி நேரத்துல நான் பக்கத்துல இல்ல. என்மேல கோவமாவே போயிட்டாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். கோவம் இருந்தா வந்து போர்வை மடிப்பாங்களா, சொல்லுங்க."

சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு இடித்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? வார்டு வாசலில் எத்தனை பேரிடம், 'கடைசியா உங்க பேரைத்தான் சொன்னாங்க' என்று பொய் சொல்லி அனுப்பியவள்! "அம்மாவாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன வாயைத் துணி வைத்து அடைக்கலாம்போல் இருந்தது.

அதோடு விட்டுவிட வேண்டும் என்று இரண்டு செவ்வாய் போகவில்லை. தன் வீட்டிலேயே போர்வையைத் தொட்டால் கை கூசியது. யாரோ ஒரு செத்த பொம்பளை தன் விரலுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி ஒரு பயம். மறு திங்களன்று புருஷன்காரன் போன் பண்ணினான்: "அவ சரியா சாப்பிடறதில்லைங்க. அம்மா வரலை, வரலைன்னு அழறா. வீட்டைக் காலி பண்ணிடலாம்னு பார்க்கறேன்."

கடைசியாக ஒரே ஒரு தரம், போர்வையை மடித்துவிட்டு வந்து, சாவியைச் சாக்கடையில் வீசிவிடுவது என்று மறுநாள் போனாள்.

கூடத்து மேசையில் ஒரு தட்டு மூடி வைத்திருந்தது. பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டிருந்தது. மூடியைத் தூக்கினாள். சோற்றிலிருந்து ஆவி எழுந்தது.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் அடியிடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல்.

"உட்காரும்மா," என்றது உள்ளிருந்து குரல். "நான் எட்டிப் பார்க்க மாட்டேன். சத்தியமா பார்க்க மாட்டேன். சாப்பிட்டுட்டுப் போ."

ஓடிவிடலாம். வாசல் நாலடி தூரம்தான். அவள் உட்கார்ந்தாள். ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று மென்றாள்.

நிழல் அசைந்து இன்னும் நெருங்கி வந்தது.

"உப்பு போதுமாம்மா?"