இன்னொரு வீட்டுப் பெண்

"இன்னையிலிருந்து நீ கடைக்குப் போக வேணாம்."

அம்மா இதைச் சொன்னபோது அண்ணி தலைவாரிக்கொண்டிருந்தாள். பின்னல் பாதியில் நின்றது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற நாத்தனாரைத்தான் பார்த்தாள். சின்னவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

கடைக்குட்டி என்பதால் வீட்டில் அவள் சின்னவள். பயன்பாட்டுச் சமூகவியலும் கொள்கை ஆய்வும் முதுகலையில் படித்துக்கொண்டிருந்தாள். கணவனை இழந்த பெண்களின் மறுமணத்துக்கு வீட்டுக்குள்ளேயே வரும் தடைகளைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. தெருத்தெருவாக அலைந்தும் ஒருத்தியும் மனம்விட்டுப் பேசவில்லை. கடைசியில் அண்ணியிடமே வந்து நின்றாள்.

அண்ணன் விபத்தில் போனபின் அண்ணி மருந்துக்கடை வேலைக்குப் போய், மகளையும் மாமியார் மாமனாரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாத்திரம் துலக்கியபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைக்கு மருந்து கொண்டுவரும் ஒருவர் தன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். தனக்கும் சம்மதம்தான். அத்தையிடம் எப்படி வாயெடுப்பது என்றுதான் தெரியவில்லை. சொல்லி முடித்ததும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, "வெளிய தெரியாதில்ல?" என்று கேட்டாள். சத்தியமாகத் தெரியாது என்றாள் சின்னவள்.

ஆய்வை வாசித்த அன்று வீட்டாரும் வரலாம் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஊர், வயது, வேலை எல்லாவற்றையும் சின்னவள் மாற்றியிருந்தாள். மாமியாருக்குப் பயந்து மறுமண ஆசையை மனசுக்குள்ளேயே வைத்திருந்த அந்தப் பெண்ணின் கதையைக் கேட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பும்போது பேருந்திலும் அதே பேச்சுத்தான்.

"அந்த மாமியாருக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? சின்ன வயசு, எப்படித் தனியா ஓட்டுவா? நாலு பேர் சேர்ந்து அவளுக்கு நல்லது பண்ணி வைக்கக் கூடாதா?"

சின்னவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை இளகிய மனசுக்காரியிடமா அண்ணி பயந்தாள்? கொடுத்த வாக்கு அந்த நேரத்தில் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

"அது நம்ம அண்ணிதாம்மா."

அம்மாவின் முகத்தில் இருந்த ஈரமெல்லாம் எங்கோ போய்விட்டது. இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இப்போது, அண்ணியைக் கடைக்குப் போகாதே என்று தடுத்த கையோடு, அத்தனைக்கும் சேர்த்துப் பேசினாள். போகிறவள் போகட்டும், குழந்தை தன் பிள்ளையின் ரத்தம், அது இங்கேதான் வளரும் என்றாள். அப்பா வழக்கம்போலத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். சின்னவள் போய் அதை நிறுத்தினாள்.

"குழந்தை அதோட அம்மாகூடத்தான் போகும். தடுத்தீங்கன்னா நானும் கூடவே போயிடுவேன்."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள். மற்றதையும் இழக்கத் துணியவில்லை.

சின்னவள் அதோடு நிற்கவில்லை. பேராசிரியையிடம் போய், வாக்குத் தவறியதை ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பகுதியை எடுத்துவிட்டுப் புதிதாகக் களப்பணி செய்ய வேண்டும், பட்டம் தள்ளிப்போகும் என்று தீர்ப்பானது. தண்டனை கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தும் வெட்கப்பட்டாள்.

தன்னைக் கேட்டவரையே கட்டிக்கொள்ள அண்ணி மகளோடு கிளம்பிய அன்று, குழந்தையின் துணிகளை மடித்துக் கொடுத்தபடி சின்னவள் மன்னிப்புக் கேட்டாள். அண்ணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

"நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்ன, தெரியும். ஆனா அத்தைகிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன். என் வாழ்க்கையில நானா எடுத்துச் சொல்ல அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் நீ சொல்லிட்ட."

குழந்தை கையசைத்தது. அண்ணி திரும்பிப் பார்க்காமல் தெருமுனையில் திரும்பினாள்.

மறுவாரம் பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்கார்ந்தாள். மருமகளைக் காணோமே என்று விசாரித்தாள். பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்றாள் அம்மா. பிறகு பேச்சை மாற்றி, சின்னவளைப் பெருமையோடு காட்டினாள்.

"இவ ஒரு பொண்ணைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி வாசிச்சா பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. எப்படிப்பட்ட வீடெல்லாம் இருக்கு."

பக்கத்து வீட்டுக்காரி ஆவலோடு சின்னவள் பக்கம் திரும்பி, எந்த வீடு என்று கேட்டாள்.

சின்னவள் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் அண்ணியை இன்னொரு தடவை காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் அம்மா தப்பித்துக்கொள்வாள்.

"அதைச் சொல்லக் கூடாதுங்க அக்கா" என்றாள். அம்மாவின் முகத்திலிருந்து பார்வையை மட்டும் எடுக்கவில்லை. அம்மாதான் முதலில் தலையைக் குனிந்தாள்.