சுத்தம் செய்யப்பட்ட தையல்காரம்மா

1

ஒரு லட்சத்து நாற்பதாயிரம் உயிர்களைக் காப்பாற்றிய மாபெரும் மானுட வேள்வியின் கதை இது.

[இல்லை. இந்த வரி தானாக வந்து விழுந்துவிட்டது. பத்து வருடமாக அறிக்கைகளை இப்படித் தொடங்கியே பழக்கம். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்பது பட்டியலில் இருந்த பெயர்கள். அவர்களில் டப்பாவை வாங்கிக்கொண்டவர்கள் எண்பத்தோராயிரம். நிரப்பித் திருப்பிக் கொடுத்தவர்கள் நாற்பத்து மூவாயிரம். காப்பாற்றப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பது இன்னும் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும். அப்போதும் சண்டை போட்டுக்கொண்டுதான் சொல்வார்கள்.]

என்ன டப்பா என்று கேட்பீர்கள். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் டப்பா. மூடியோடு ஒட்டிய குச்சி. குடல் புற்றுநோயை, அது வலிக்கத் தொடங்கும் முன்பே பிடிப்பதற்கான சோதனை. காலையில் கழிப்பறையில் குச்சியால் தொட்டு, டப்பாவில் விட்டு மூடிக் கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று ஆய்வகம் பார்க்கும். இருந்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை; தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். ஐம்பது முதல் எழுபது வயது வரை, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நினைக்கிறவர்கள் உட்பட எல்லோருக்கும் இதைச் செய்வதற்குப் பெயர் மக்கள்தொகை அளவிலான குடல்நலப் பரிசோதனை ஆய்வு. இந்தப் பெயரில் எங்கும் மலம் என்ற சொல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு குழுவுக்கு நான்கு கூட்டங்கள் பிடித்தன.

இனி, கதை பிறந்த கதை. ஆய்வின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு 'மனிதக் கதை' வேண்டும் என்று இயக்குநருக்குத் தோன்றியது. "எல்லாம் நம்பராவே இருக்கு. ஒரு பக்கம் போதும், யாராவது ஒருத்தர். கொஞ்சம் கண்ணு கலங்கணும், முடியும்போது சிரிக்கணும்" என்றார். வேலை புள்ளிவிவரப் பிரிவுக்காரர் தலையில் விழுந்தது. அலுவலகத்தில் அவருக்குப் 'புள்ளி' என்று பெயர். இயக்குநருக்கு, அவர் காதில் விழாத இடங்களில், 'பெரும்புள்ளி'. இதை எழுதுவது அந்தப் புள்ளிதான். 'நான்' என்று எழுதிப் பார்த்தார். ஒவ்வொரு வரியும் கத்தலாகிவிட்டது. அதனால் தன்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்திருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: விடியற்காலைப் பனியில், கையில் டப்பாவோடு—

[கையில் அந்த டப்பாவோடு யாரும் பனியை ரசிப்பதில்லை.]

இரண்டாம் தொடக்கம்: "பிழைத்துக்கொண்டேன்!" என்று அந்தத் தாய் புன்னகைத்தபோது—

[எந்தத் தாய்?]

அதுதான் சிக்கல். புள்ளிக்கு நாற்பத்து மூவாயிரம் பேரைத் தெரியும், ஒருவரையும் தெரியாது. ஆகவே டப்பாக்காவிடம் போனார். எட்டு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கி டப்பாவைக் கொடுத்து, வாங்கி வருகிற களப்பணியாளர் அவர். தூரத்தில் பார்த்ததும் "டப்பா வருது, கதவச் சாத்து" என்கிற ஆண்களும் உண்டு, "இந்தா, இன்னைக்குக் காலையில பறிச்சது" என்று நீட்டுகிற பெரியவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் அவரிடம் பதில் உண்டு. அவற்றை அச்சில் போட முடியாது.

"கதையா? தையல்காரம்மாவ எழுதுங்க சார்" என்றார் டப்பாக்கா, செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்தபடி.

"அவங்க குணமாயிட்டாங்களா?"

"அத நீங்கதான் சொல்லணும். டப்பா குடுத்து ஏழு மாசமாச்சு, முடிவு வரல. போறப்ப வர்றப்ப எல்லாம், மெஷின மிதிச்சுக்கிட்டே, 'ஏம்மா, என் டப்பாவ மியூசியத்துல வச்சிட்டீங்களா'ன்னு கேக்குறாங்க. எந்தத் தெருவுல சுத்தி வந்தாலும் அந்தக் கடையத் தாண்டித்தான் வரணும் சார், நான் என்ன செய்ய?"

"ரத்தம் இல்லன்னா கடிதம் வராதுல்ல?"

டப்பாக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இருந்தாலும் வரும், இல்லாட்டியும் வரும். நீங்கதான சார் அனுப்புறீங்க?"

3

புள்ளி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். பட்டியலில் தையல்காரம்மா இல்லை.

பட்டியல் என்றால் சுத்தம் செய்த பட்டியல். களத்திலிருந்து வருவது அழுக்குப் பட்டியல்: ஒரே ஆள் இரண்டு தடவை இருப்பார், செத்துப்போனவர் டப்பா அனுப்பியிருப்பார், ஒருவருக்கு வயது நானூற்று ஏழு இருக்கும். இவற்றைச் சலித்தெடுக்கச் சில விதிகள் உண்டு. ஏழாம் விதி: அடையாள அட்டைப்படி வயது எழுபதைத் தாண்டியிருந்தால் அந்த வரியை நீக்கு. ஆறு வருடத்துக்கு முன் எழுதப்பட்ட விதி. ஒரே வரி.

வயது என்ன என்று கேட்டபோது தையல்காரம்மா "எழுபதுன்னு வச்சுக்கோ" என்றிருக்கிறார்.* டப்பாக்கா எழுபது என்று வைத்துக்கொண்டார். பிறகு அட்டையோடு ஒப்பிட்டால் எழுபத்தொரு வருடம், இரண்டு மாதம். வரி நீங்கியது. ஆய்வகம் ஒன்பதாவது நாளே அனுப்பியிருந்த முடிவும் அதே வரியில்தான் இருந்தது. அதுவும் கூடவே போனது. கடிதங்கள் சுத்தமான பட்டியலிலிருந்துதான் அச்சாகின்றன.

நீக்கியவற்றைப் போட்டுவைக்கிற கோப்பு ஒன்று உண்டு, யாரும் திறப்பதில்லை. அதில் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். தையல்காரம்மாவின் வரியில், 'ரத்தம்' என்ற கட்டத்தில், 'உண்டு' என்று இருந்தது. மொத்தம் முப்பத்தொரு 'உண்டு'.

புள்ளி எழுந்து ஜன்னலருகே போய், தொலைவில்—

[போகவில்லை. ஜன்னலுக்குப் போவதெல்லாம் கதையில்தான். கோப்பை மூடினார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி திறந்தார், எண்ணிக்கை குறைந்திருக்குமோ என்று.]

* வயது கேட்டால் மனிதர்கள் பூஜ்யத்திலும் ஐந்திலும் போய் உட்கார்ந்துகொள்வார்கள். வரைபடம் போட்டால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் ஊரில் பிள்ளையே பிறந்தது போலிருக்கும். தொழிலில் இதற்கு ஒரு கௌரவமான பெயர் உண்டு. பெயர் வைத்தாகிவிட்டதால் வேறொன்றும் செய்வதில்லை.

4

இந்த இடத்தில் ஒரு வில்லன் வேண்டும். பெரும்புள்ளிக்குப் புள்ளி ஒரு குரூரச் சிரிப்பு வைத்துப் பார்த்தார், முகத்தில் ஒட்டவில்லை. நிஜத்தில் அவர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறவர். வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டு, பதிலையும் காதில் வாங்குகிறவர். மேசையில் ஆய்வின் முழக்கம் அச்சிட்ட குடை, குவளை, சாவிக்கொத்து: 'ஒருவரும் விடுபடார்'.

[குடையும் குவளையும் கதைக்காக வைத்தவை என்று நினைப்பீர்கள். புள்ளி அவற்றை எடுத்துவிட்டும் எழுதிப் பார்த்தார். மேசையில் ஒன்றுமே மிஞ்சவில்லை.]

"முப்பத்தொரு பேருக்கு ரத்தம் இருக்கு சார். யாருக்கும் சொல்லல."

"எந்த முப்பத்தொரு பேர்? நம்ம ஆய்வுல இருக்கிறவங்களா?"

"இருந்தாங்க. நீக்கிட்டோம்."

"அப்ப இல்லாதவங்க." மிக மென்மையாகச் சொன்னார். "இல்லாதவங்களுக்கு ஆய்வு பேர்ல எப்படிக் கடிதம் போடுறது? நீங்களே யோசிங்க."

"டப்பா நம்மளுதுதானே சார்?"

"டப்பா நம்மளுது. வயசு அவங்களுது."

ஆய்வு முடிவுகளின் கட்டுரை அச்சுக்குப் போய்விட்டதாம். இப்போது பட்டியலில் கைவைத்தால் பதினாறு அட்டவணைகள் மாறுமாம். நெறிமுறைக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும்; போன வாரம்தான் கூடிக் கலைந்தது. "அடுத்த கூட்டத்துல கண்டிப்பா வைப்போம். அதுவரைக்கும் போன் கீன் எதுவும் வேணாம், வீண் பதற்றம். ஆமா, மலர்க் கதை என்னாச்சு? கண்ணு கலங்குதா?"

"கலங்குது சார்."

"அருமை."

5

வீண் பதற்றம். யாருடைய பதற்றம்? எட்டுப் பேர் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, டப்பா திரும்பி வராததற்குக் காரணம் மக்களிடம் விழிப்புணர்வு இல்லாததே என்று வருடாவருடம் கண்டுபிடிக்கிறார்கள். விழிப்புணர்வோடு ஒரு அம்மாள் ஏழு மாதமாகத் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து முடிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தூங்கியது யார்? தன் மலத்தைக் குச்சியில் தொட்டு, பெயர் எழுதி, முன்பின் தெரியாதவர் பையில் போட்டு அனுப்புகிற மனிதர், தன்னிடம் இருப்பதிலேயே கூச்சமானதை நம்பி ஒப்படைக்கிறார். அந்த நம்பிக்கையை வாங்கிப் பெருக்கிக் குப்பையில் தள்ளிவிட்டு, அதற்குத் தரவுத் தூய்மை என்று பெயரும் சூட்டி, குடையில் முழக்கம் அடித்து, அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு—

[இதற்குக் கீழே அரைப் பக்கம் வசவு இருந்தது. மனைவி கோடு போட்டு அடித்துவிட்டாள்.]

6

மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். சிவப்புப் பேனா இல்லாமல் எதையும் படிக்க மாட்டாள்.

"நல்லாத்தான் திட்டியிருக்கீங்க. அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"அது கடைசியில வருது—"

"கதையில கேக்கலங்க. அவங்களுக்குத் தெரியுமா?"

"குழு கூடணும்."

"உங்க ஆபீஸ்ல போன் இருக்கா?"

"இருக்கு."

"விரல்?"

அவள் மூன்றாம் பகுதிக்குத் திரும்பிப் போய் ஒரு வரியைச் சுழித்தாள். "இந்த ஏழாம் விதி. 'எழுதப்பட்ட'ன்னு போட்டிருக்கீங்க. யார் எழுதினது?"

"பொதுவா எல்லாரும் சேர்ந்துதான்..."

"எல்லாரும் சேர்ந்து ஒரு வரியா?"

"நான்தான்."

"உங்க பெரும்புள்ளிக்கு ஒரு முழுப் பகுதி ஒதுக்கியிருக்கீங்க, குடை வரைக்கும் விடல. உங்களுக்கு ஒரு வார்த்தை எழுத இடமில்லையா?"

[திருத்தம்: மூன்றாம் பகுதியில், ஏழாம் விதியைப் புள்ளி எழுதினார் என்று படிக்கவும். அந்த விதியின் சுருக்கத்துக்காக அப்போது கூட்டத்தில் அவருக்குக் கைதட்டினார்கள். அவர் எழுந்து நின்று நன்றியும் சொன்னார்.]

7

முடிவு அ. தையல்காரம்மா உரிய காலத்தில் கண்டறியப்பட்டு, குணமாகி, விழா மேடையில் பெரும்புள்ளி கையால் பூங்கொத்து வாங்குகிறார். மலரில் புகைப்படத்துக்கு இடம் விட்டாயிற்று.

முடிவு ஆ. தாமதமாகிவிட்டது. கடையில் பூட்டு. [நாலு வரியோடு நிறுத்திவிட்டார். தன் கோபத்துக்குச் சாட்சி தேடி அந்த அம்மாளைச் சாகடித்தால், ஏழாம் விதிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?]

முடிவு இ. குழு கூடுகிறது. துணைக்குழு அமைக்கிற—

[போதும்.]

நடந்தது இதுதான். மறுநாள் காலை புள்ளி அந்த ஒரு வரியை அச்செடுத்து, நடைபாதையில் டப்பாக்காவிடம் நீட்டினார்.

"குழு சொல்லிடுச்சா சார்?"

"இல்ல."

"அப்ப நீங்க குடுக்கல, நான் வாங்கல." காகிதத்தைப் பையில் செருகிக்கொண்டு அப்போதே படியிறங்கிவிட்டார்.

மற்றது டப்பாக்கா சொல்லித் தெரிந்தது. இரண்டு மெஷின் போட்டால் நடக்க வழியில்லாத கடை. தையல்காரம்மா மடியில் பள்ளிச் சீருடை, உதட்டில் குண்டூசி. ஊசியை எடுத்து வைத்துவிட்டுக் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"ஏழு மாசத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு?"

"எழுபத்தொண்ணுன்னு சொல்லி உங்களப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்கம்மா."

"ஏன், எழுபதுல வர்றது எழுபத்தொண்ணுல வராதா?"

"எனக்குத் தெரியலம்மா."

தையல்காரம்மா சீருடையின் மடிப்பை நகத்தால் அழுத்திக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியும்டி, ஏதோ இருக்குன்னு. ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்களே." பிறகு, "ஆஸ்பத்திரிக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. நீ வர்றியா?"

"வர்றேன்மா."

வியாழக்கிழமைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். இதை எழுதுவது செவ்வாய்க்கிழமை. ரத்தம் 'உண்டு' என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது; சிலருக்கு இருக்கும்; அந்தச் சிலருக்கு ஏழு மாதம் என்பது என்ன என்று எந்த அட்டவணையும் சொல்லாது. அ-வா ஆ-வா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். புள்ளி இனிமேல் அந்த அம்மாளின் விஷயத்தில் எதையும் எழுத மாட்டார். மலருக்கு வேறொருவர் எழுதுகிறார்.

மீதி முப்பது பேரை மதிய இடைவேளையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறார். இதுவரை பதினேழு பேர். இருவர் திட்டினார்கள். ஒருவர் அழுதார். ஒரு வீட்டில் எடுத்த மகள், அப்பா போய் இரண்டு மாதமாகிறது என்றாள். எதனால் என்று புள்ளி கேட்கவில்லை.

ஏன் இத்தனை தாமதம் என்று கேட்ட எல்லோரிடமும், ஆய்வகத்தில் மெஷின் பழுது என்று சொன்னார்.