கொட்டை தனி ஏலம்

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவது நான்தான். வாரம் முழுக்க ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராகக் கத்திப் பழுத்த தொண்டை. அழுகல் பூசணியைக்கூட நல்ல விலைக்குத் தள்ளிவிடுவேன். அப்படிப்பட்ட என் மானத்தை ஒரு மாம்பழம் வாங்கிவிட்டது.

ஆரம்பம் தொண்ணூற்றாறில். தோல் தொழிற்சாலைத் தண்ணீரால் கிணறெல்லாம் உப்பாகி, வைத்த மரமெல்லாம் கருகிக்கொண்டிருந்த காலம். ஓடைக்கரையில் ஒரே ஒரு மாமரம் மட்டும் அந்த உப்பையும் குடித்துவிட்டுத் திமிராக நின்றது. பழமோ ஒரே புளிப்பு, நார். காலேஜில் தாவரவியல் எடுக்கும் தேவானந்தம் சாருக்கு அதன்மேல் கண். ஆலங்காயத்துப் பங்கனப்பள்ளித் தோப்பிலிருந்து மகரந்தத்தை மாத்திரை டப்பாவில் கொண்டுவந்து, ஏணி போட்டு ஏறி, பூக்களில் பிரஷ்ஷால் தடவினார். வேறு மகரந்தம் ஒட்டக் கூடாதென்று கொத்துகளுக்கு முக்காடு போட்டார். எந்தத் துணி? அவர் மனைவி டோரதி டீச்சர் கல்யாணத்தன்று தலையில் போட்ட வலைத்துணி, நெட்டு! டீச்சர் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தாயின் உப்புத் தாங்கும் குணமும் தகப்பனின் இனிப்பும் ஒரே பிள்ளைக்கு வரவேண்டும், மொட்டையாகிப்போன வீட்டுத் தோட்டத்தில் மறுபடி ஒரு மரம் நிற்கவேண்டும். சாருக்கு அதுதான் மூச்சு. வருஷா வருஷம் பூ உதிர்ந்தது. மூன்றாம் வருஷம் ஒரே ஒரு பழம் தங்கியது.

அதைத்தான் டீச்சர் பறித்துவந்து பீடத்தில் வைத்துவிட்டார். முதற்பலன் ஆண்டவருக்கு. வேறென்ன செய்வார்?

நான் ஏலத்தை ஆரம்பித்தேன். தோலுக்கு உப்பு சப்ளை செய்யும் கோதண்டராமன் எல்லாப் பண்டிகைக்கும் வந்து எதையாவது எடுப்பார். அவர் முதல் விலை சொன்னதும் சார் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"நத்தானியேல், நிறுத்துப்பா! அது என் பழம்!"

"ஆண்டவருக்கு வெச்சாச்சு சார். வேணும்னா ஏலத்துல கேளுங்க."

கேட்டார். வாத்தியாரே இப்படிப் பறந்தால் பழத்தில் ஏதோ இருக்கிறதென்று கோதண்டராமனும் விடவில்லை. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். ஏற்றினேன். விலை சாரின் சம்பளத்தைத் தாண்டியது.

"எனக்குப் பழமே வேணாம்பா, கொட்டைய மட்டும் குடுங்க!" சாருக்குக் குரல் உடைந்துவிட்டது.

"கொட்டைக்கே இவ்ளோ பேஜாருன்னா, பழம் இன்னா ருசியா இருக்கும்!" என்றார் கோதண்டராமன்.

போதகரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். "பழம் ஒரு ஏலம், கொட்டை தனி ஏலம்!" என்று அறிவித்துவிட்டேன்.

பழம் கோதண்டராமனுக்குப் போனது. கொட்டை வெளியே வரவேண்டுமே, அங்கேயே பெஞ்சில் உட்காரவைத்துத் தின்னச் சொன்னோம். கடித்தார். முகம் கோணியது.

"த்தூ! புளி, சார்!"

"சதை அம்மாவோடதுங்க. கொட்டைதான் பிள்ள. பாத்து, கடிச்சிடாதீங்க!" சார் எதிரில் கையேந்தி நின்றார்.

கோதண்டராமனின் கோணிய முகத்தைப் பார்த்தபிறகு கொட்டையை எவன் கேட்பான்? டீச்சர்தான் எழுந்து, "பத்து ரூபா," என்றார். வாங்கி, துடைத்து, சார் கையில் வைத்தார்.

சார் அதை வீட்டுத் தோட்டத்தில் நட்டு, அதே உப்புத் தண்ணீரை ஊற்றித்தான் வளர்த்தார். செடி சாகவில்லை. ஏழாம் வருஷம் ஒரு பழம் பிடித்தது. சார் மரத்தடியிலேயே கட்டில் போட்டுக் காவல் கிடந்தார். இந்த முறை டீச்சர் காணிக்கைப் பேச்சையே எடுக்கவில்லை. பண்டிகையன்று சாரே பழத்தைக் கொண்டுவந்து பீடத்தில் வைத்தார்.

ஏலம் கூவினேன். தொண்டை வறளக் கூவினேன். ஒரு பயல் வாய் திறக்கவில்லை! கோதண்டராமன்கூட ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷ சர்வீசில் எனக்கு இப்படி ஓர் அவமானம் நடந்ததில்லை.

"ஒரு ரூபா," என்றார் சார், கூச்சத்தோடு.

முடித்தேன். அவர் அங்கேயே கடித்தார். சபையே எழுந்து நின்றது. அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"புளிப்பா சார்?"

டீச்சர் அவர் கையிலிருந்து பிடுங்கிக் கடித்தார்.

"ஐயோ ஆண்டவரே, இனிக்குதுங்க!"

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து கோதண்டராமன் எழுந்து கையைத் தூக்கினார்.

"நத்தானியேல்! கொட்ட தனி ஏலம்தானே?"